பாட்டி இளவரசியாம்!

அமெரிக்க ஐக்கிய நாட்டிலே, வெள்ளையர் இல்லங்கள் ஆயிரமாயிரத்திலே, ஒரே கதை உலவுகிறது. பாட்டனுக்குப் பாட்டி ஒருத்தி இருந்தாளாம். கரிய கூந்தலாம், எடுப்பான கன்னமாம். அவள் செரோக்கி இனத்தவளாம். அந்த இனத்திலும் எளியவளல்லளாம், இளவரசியாம்! எந்த ஊர்? தெரியாது. என்ன பெயர்? நினைவில்லை. எந்த ஆண்டு? அந்தக் காலம்! ஊரும் பேரும் இல்லாத பாட்டிக்குப் பட்டம் மட்டும் உண்டு.

2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கிலே, தம்மைச் செரோக்கி என்று எழுதிக்கொண்டோர் 8,19,000க்கும் மேற்பட்டோர். அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்ட செரோக்கி அரசுகள் மூன்று. ஓக்லஹோமாவிலே இரண்டு, வட கரோலினாவிலே ஒன்று. அன்று அந்த மூன்றின் குடிமக்களையும் ஒருங்கே கூட்டினாலும், அத்தொகையிலே பாதியை எட்டாது. எஞ்சியோரில் ஏட்டில் ஏறாது போன உண்மை வழித்தோன்றல்களும் இருக்கக்கூடும். ஆயினும் பெரும்பாலோரிடம் இருப்பது ஆவணமன்று, ஆசை.

ஆசையில் என்ன குற்றம், யாருக்கு என்ன கேடு என்று கேட்போர் உண்டு. அந்த ஆசையை முதலாக வைத்து ஒருவர் நடத்திய இலக்கிய வாணிபத்தைக் கண்டால், கேடு எது என்பது விளங்கும். அந்த வாணிபத்தின் சரக்கு, 1976ஆம் ஆண்டு வெளிவந்த 'லிட்டில் ட்ரீயின் கல்வி' எனும் நூல். எழுதியவர் பெயர் ஃபாரஸ்ட் கார்ட்டர் என்று அட்டை கூறிற்று. உண்மைக் கதை என்றும் கூறிற்று.

கதை எளிது, உள்ளத்தைத் தொடுவது. பெற்றோரை இழந்த ஐந்து வயதுச் சிறுவன், டென்னசி மலையிலே வாழும் செரோக்கிப் பாட்டன் பாட்டியிடம் வந்து சேர்கிறான். காடு அவனுக்குப் பள்ளி. பாட்டன் அவனுக்கு ஆசான். வேண்டியதை மட்டும் எடு, மிகுந்ததை விட்டுவிடு என்பது அவன் கற்கும் முதற்பாடம். இடையிலே அரசின் ஆட்கள் வந்து அவனை அனாதை விடுதியிலே அடைக்கிறார்கள், அடிக்கிறார்கள், பின்னர் மலைக்கு மீள்கிறான். படித்தோர் கண்ணீர் சிந்தினர். பள்ளிகளிலே பாடமாயிற்று. 1986இல் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் மறுபதிப்பு வெளியிட்டது. 1991இல் அமெரிக்கப் புத்தக வணிகர் சங்கம் பரிசளித்தது. நியூயார்க் டைம்ஸ் ஏட்டின் விற்பனைப் பட்டியலிலே, கற்பனையல்லாத நூல்களின் வரிசையிலே, முதலிடம் பிடித்தது.

அந்த 1991ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலே, அதே ஏட்டிலே, டான் கார்ட்டர் என்ற வரலாற்றாசிரியர் திரையைக் கிழித்தார். ஃபாரஸ்ட் கார்ட்டர் என்பவர் உண்மையில் ஏசா ஏர்ல் கார்ட்டர்! அலபாமா மாநிலத்தவர், வெள்ளை வெறியர், கூ கிளக்ஸ் கிளான் கூட்டத்தைக் கட்டியவர். அவர் தலைமையேற்ற அமைப்பினர்தாம் 1956இல் பர்மிங்காம் நகரிலே, பாடகர் நாட் கிங் கோல் மேடையிலே பாடிக்கொண்டிருக்கையில் பாய்ந்து தாக்கியவர்கள். 1963இல் அலபாமா ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், இன ஒதுக்கலை முக்காலத்துக்கும் உரியதாக்கி முழங்கினாரே, அந்த முழக்கத்தை எழுதித் தந்த கை இந்தக் கைதான். புனைபெயரிலுள்ள 'ஃபாரஸ்ட்' காட்டைக் குறிப்பதன்று. கிளான் கூட்டத்தின் தொடக்ககாலத் தலைவனான படைத்தலைவன் நேதன் பெட்ஃபர்ட் ஃபாரஸ்டின் பெயர் அது. நூலாசிரியர் அனாதையாக வளர்ந்தவருமல்லர். அலபாமாவிலே, பெற்றோர் நிழலிலே வளர்ந்தவர்.

இதைவிட விந்தை ஒன்றுண்டு. இந்தச் செய்தி 1991இல் புதிதாகக் கிடைத்ததன்று. 1976ஆம் ஆண்டிலேயே, நூல் வெளிவந்த அதே ஆண்டிலேயே, அதே ஏடு, இவர் அவர்தானோ என்று எழுதிற்று. எழுதியும் பயனில்லை. படித்தோர் மறந்தனர், அல்ல, மறக்க விரும்பினர். கார்ட்டர் 1979இல் மறைந்தார். பாட்டன் கதை பரிசு வாங்கிக்கொண்டிருந்தது. உண்மை ஒளிக்கப்படவில்லை, வெளிச்சத்திலேயே கிடந்தது. குனிந்து எடுக்கத்தான் ஆளில்லை.

உடனே ஒரு வாதம் எழுந்தது. நூல் நன்றாயிருந்தால் போதாதா? ஆசிரியன் யாராயிருந்தால் என்ன? மலர் மணக்கிறதா என்று பார். மண்ணைக் கிளறாதே என்றனர். ஆசிரியனின் குலத்தைக் கேட்டுக் கவிதைக்கு விலை வைப்பது நமக்கு உடன்பாடன்று. பிறப்பைப் பார்த்து எழுத்தை மதிப்பது எந்த நாட்டிலும் இழிவே. ஆனால், இங்கே பிறப்பைக் காட்டி விற்றவர் யார்? படித்தவனல்லவே, எழுதியவர்! இது நான் கண்டது, என் பாட்டன் சொன்னது, என் குருதியிலே வந்தது என்று சான்று முத்திரை குத்தி விற்றுவிட்டு, முத்திரை பொய் என்று தெரிந்தபின் முத்திரையைப் பார்க்காதே என்றால், அது இலக்கிய நெறியாகாது. ஏய்ப்பாகும்.

அதுவும் ஒருபுறம் இருக்கட்டும். ஆசிரியனை மறந்து, ஏட்டை மட்டுமே எடுத்துப் படிப்போம். ஏடே காட்டிக்கொடுக்கிறது.

நூலின் ஓரிடத்திலே, 1838ஆம் ஆண்டு செரோக்கி மக்கள் தம் நாட்டைவிட்டு விரட்டப்பட்ட கொடுமையைப் பாட்டன் பாட்டி வாய்மொழியாக ஆசிரியர் தீட்டுகிறார். அரசு வண்டிகள் கொண்டுவந்ததாம், செரோக்கியர் ஏற மறுத்தனராம், வண்டிகள் வெறுமையாக உருள, அவர்கள் நிமிர்ந்து நடந்தனராம், அழவுமில்லையாம். அழகான காட்சி! உண்மையான காட்சிதானா? அந்தப் பயணத்திலே முதியோரும் நோயுற்றோரும் சிறுகுழந்தைகளும் வண்டிகளிலே கிடந்து நடுங்கினர். முகாம்களிலே பேதியால் மாண்டனர்; குளிரிலே விறைத்து மாண்டனர். ஏறத்தாழ 16,000 பேரை நகர்த்திய அந்தக் கொடுமையிலே, ஏறத்தாழ 4,000 பேர் மடிந்தனர் என்பது பொதுவாகக் கூறப்படும் கணக்கு. அழுதனர், ஐயமில்லை, அழுவதற்கு மனிதருக்கு உரிமை உண்டு. அழாத வீரராக அவர்களைச் சிலையாக்கிவிட்டால், அழவைத்தவனைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்வி குறைகிறதல்லவா? பெருமை கொடுப்பதுபோலக் கொடுத்து, வழக்கைத் தள்ளுபடி செய்யும் தந்திரம் அது.

அந்த நூலிலே வில்லன் யார்? எப்போதும் அரசு, அரசின் வரியாள், அரசியல்வாதி, பாதிரி. மாநிலத்திலிருந்து வரும் எந்த அதிகாரமும் தீது. மலையிலே தனித்து வாழும் தன்மானம் நன்று. செரோக்கியரின் வாழ்வு இதுதானா? அவர்கள் அரசை வெறுத்து ஒதுங்கிய கூட்டமல்லர். அரசை அமைத்த மக்கள். 1821இல் சீக்வோயா என்பார், எழுத்தறியாத தம் மொழிக்குத் தாமே அசையெழுத்து வரிசை ஒன்றை உருவாக்கினார். 1827இல் அரசியல் சட்டம் இயற்றினர். 1828இல் நியூ எக்கோட்டா நகரிலே, எலியாஸ் பூடினாட் ஆசிரியராக, 'செரோக்கி ஃபீனிக்ஸ்' ஏட்டைத் தம் எழுத்திலும் ஆங்கிலத்திலும் அச்சிட்டனர். வழக்குமன்றம் ஏறினர், 1832இல் உச்சநீதிமன்றத்திலே தீர்ப்பும் தம் பக்கம் பெற்றனர். சட்டமும் ஏடும் நீதிமன்றமும் கொண்ட மக்களை, சட்டம் தீண்டாத காட்டு ஞானிகளாக்கிக் காட்டியவர் யார்? கூட்டரசின் சட்டம் தம் மாநிலத்துப் பள்ளியிலே கறுப்பின மாணவனை நுழையவிடுகிறதே என்று கொதித்தவர்! அந்த வெறுப்புக்குச் செரோக்கிப் பாட்டனின் முகமூடி மாட்டப்பட்டது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய நாட்களைப் பற்றி நூலிலே வரும் ஒரு பகுதியும் அவ்வாறே. தோற்ற தெற்கின் ஏழை உழவனை நசுக்கும் அதிகாரம் அங்கே விரிகிறது. அந்தத் தெற்கு எதற்காகப் போரிட்டது என்பது மட்டும் விரியவில்லை. செரோக்கிச் சொற்கள் என்று அவர் தூவியவற்றையோ, அந்த மொழி அறிந்தோர் எங்கள் மொழியிலே இல்லாதவை என்று தள்ளினர்.

ஆக, நூல் பொய்யனின் கைச்சரக்கு என்பதால் மட்டும் தீதன்று. கைச்சரக்கே கலப்படம் என்பதால் தீது. அப்படியிருந்தும் இலட்சக்கணக்கானோர் நம்பினரே, ஏன்? நம்பத் தயாராயிருந்தனர். வீட்டுக்கு வீடு ஒரு செரோக்கிப் பாட்டி முன்பே குடியேறியிருந்தாள்.

அந்தப் பாட்டியின் பட்டத்தை முதலிலே பார்ப்போம். செரோக்கியரிடையே மன்னன் இல்லை. எனவே மன்னன் மகளும் இல்லை. ஏழு குலங்கள் உண்டு. குலம் என்றதும் நம் இளைஞர்கள் மேலும் கீழுமாய் அடுக்கிய சாதியை எண்ண வேண்டா. அங்கே குலம் உறவின் பெயர். ஒரே குலத்தார் தமக்குள் மணப்பதில்லை. தாய் எக்குலமோ, பிள்ளை அக்குலம். வீடும் வயலும் பெண்ணின் பொறுப்பு. பிள்ளையை வளர்த்து நெறிப்படுத்துபவன் தாய்மாமன். ஊர் மன்றத்திலே பேசிப் பேசி முடிவெடுப்பதே ஆட்சி.

பின் பட்டம் எங்கிருந்து வந்தது? 1730ஆம் ஆண்டு சர் அலெக்சாண்டர் கம்மிங் என்ற ஸ்காட்லாந்துக்காரர், எவரும் அனுப்பாமலே அந்த நாட்டுக்குள் சென்று, டெல்லிக்கோ ஊரின் மாய்ட்டாய் என்பவரைச் 'செரோக்கிப் பேரரசர்' என்று அறிவித்தார். ஏழு பேரைக் கப்பலேற்றி லண்டனுக்கு அழைத்துச் சென்று, இங்கிலாந்து மன்னன் முன் நிறுத்தினார். பல ஊர்களோடு பேசி உடன்பாடு காண்பது வெள்ளையனுக்குத் தொல்லை; ஒரு தலை இருந்தால் ஒரு கையெழுத்துப் போதும். அதற்காகப் படைத்த பேரரசர் அவர்! அவ்வகைப் பேரரசர்கள் வாழ்ந்த கற்பனை நாட்டிலேதான் இளவரசிப் பாட்டிகளும் பிறந்தனர்.

குடியேற்றக் காலத்திலே வெள்ளையரும் செரோக்கியரும் மணந்ததே இல்லையா? மணந்தனர். தோலும் துப்பாக்கியும் விற்க வந்த வணிகர்கள் அங்கே குடும்பம் அமைத்தனர். அத்தகைய உண்மைக் குடிவழி எப்படித் தோன்றும் என்பதற்கு ஜான் ராஸின் குடும்பமே சான்று.

லௌடன் கோட்டையிலே மொழிபெயர்ப்பாளராயிருந்த வில்லியம் ஷோரி என்ற வெள்ளையர், பறவைக் குலத்துக் கிகூயி என்ற செரோக்கிப் பெண்ணை மணந்தார். அந்த ஷோரி, 1762இல் செரோக்கித் தூதுவர்களோடு லண்டன் செல்லும் வழியிலே கப்பலிலே இறந்தார். மகள் ஆனா, ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் மெக்டொனால்டு என்ற வணிகரை மணந்தாள். அவர்கள் மகள் மாலி, டேனியல் ராஸ் என்ற மற்றொரு ஸ்காட்லாந்துக்காரரை மணந்தாள். 1790இல் பிறந்த அவள் மகன்தான் ஜான் ராஸ்.

வெள்ளையன் கணக்கிலே அவர் உடலில் எட்டில் ஒரு பங்குதான் செரோக்கிக் குருதி. செரோக்கியர் கணக்கிலோ குறைவே இல்லை! கிகூயியின் மகளின் மகளின் மகன், பறவைக் குலம், முழுச் செரோக்கியர். 1828 முதல் 1866இல் இறக்கும்வரை அவரே அவர்களின் முதன்மைத் தலைவர். ஒரு சிறுகுழு 1835இல் கையெழுத்திட்ட நியூ எக்கோட்டா ஒப்பந்தத்தை எதிர்த்து, ஏறத்தாழ 15,000 பேரின் ஒப்பத்தோடு வாஷிங்டனிலே வாதாடியவர். விரட்டப்பட்ட வழியிலே தம் மனைவி குவாட்டியை இழந்தவர். வில்லும் இறகும் அணியாத, சட்டையும் கழுத்துப்பட்டையும் அணிந்த செரோக்கியர்!

உண்மை மரபும் பொய் மரபும் வேறுபடும் இடம் இதுதான். உண்மை மரபிலே பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, குலம் இருக்கிறது, தொழில் இருக்கிறது. அதைவிட முதன்மையாக, அந்த மக்களோடு நின்ற வாழ்வு இருக்கிறது. பொய் மரபிலே இருப்பது கன்ன எலும்பு ஒன்றே.

அந்தக் கன்ன எலும்பு எதற்குத் தேவைப்பட்டது? மண்ணுக்கு! 1820களின் இறுதியிலே ஜார்ஜியாவிலுள்ள செரோக்கி நாட்டிலே பொன் கிடைத்தது. 1830இல் பழங்குடியினரை அகற்றும் சட்டம் நிறைவேறிற்று. 1832இல் ஜார்ஜியா அரசு, செரோக்கியர் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த நிலத்தைத் துண்டுபோட்டுக் குலுக்கல் நடத்தி வெள்ளையருக்கு வழங்கிற்று. 1838இல் துப்பாக்கி முனையிலே வீட்டைவிட்டு வெளியேற்றினர். வீடு வந்துவிட்டது, வயல் வந்துவிட்டது, வாரிசு உரிமை மட்டும் இல்லை. அதற்குத்தான் பாட்டி! இந்த மண் எனக்கு எப்படி வந்தது என்று பேரன் கேட்டால், குலுக்கலிலே வந்தது என்று கூறுவதைவிட, பாட்டி வழி வந்தது என்று கூறுவது இனிக்குமல்லவா? விரட்டும்வரை காட்டுமிராண்டி; விரட்டியபின் பாட்டி!

சூ இன அறிஞர் வைன் டெலோரியா, 1969இல் எழுதிய நூலிலே இதை எள்ளி நகையாடியிருக்கிறார். தம்மிடம் வந்து பழங்குடி மரபு பாராட்டிய வெள்ளையருள், ஒருவரைத் தவிர அனைவரும் பாட்டியின் வழியாகவே பாராட்டினர் என்கிறார். பாட்டனைக் கூறினால் அவன் கோடரி ஏந்திய மறவனாக நினைவில் நிற்பான். பாட்டியோ இளவரசியாகி, நிலத்தையும் நற்பெயரையும் சீதனமாகக் கொண்டுவருவாள்.

இன்னொரு பயனும் இருந்தது. தோலிலே சிறிது கருமை தெரிந்து, ஆப்பிரிக்க முன்னோர் உண்டோ என்று ஊரார் ஐயுற்றால், செரோக்கிப் பாட்டி வந்து காப்பாள். 1924இல் வர்ஜீனியா மாநிலம் இயற்றிய இனத்தூய்மைச் சட்டத்தைப் பாருங்கள். வெள்ளையரல்லாத குருதி ஒரு துளி இருந்தாலும் வெள்ளையரல்லர் என்றது சட்டம். ஆனால், 1614இல் ஜான் ரால்ஃபை மணந்த போக்கஹாண்டஸின் வழிவந்தவர்கள் என்று பெருமை பேசிய பெருங்குடும்பங்கள் அந்த மாநிலத்திலே இருந்தன. அவர்கள் நிலை என்னாவது? பதினாறில் ஒரு பங்கு வரை பழங்குடிக் குருதி இருக்கலாம் என்று விலக்கு எழுதினர்! ஆப்பிரிக்கப் பாட்டி இருந்தால் மனிதத் தகுதி போயிற்று. பழங்குடிப் பாட்டி இருந்தால் குடும்பப் பெருமை கூடிற்று. கலப்பு மணத்தைத் தடுத்த அச்சட்டத்தை 1967இல் உச்சநீதிமன்றம் வீழ்த்தும்வரை, இந்தக் கேலிக்கூத்து நீதி என்ற பெயரிலே நடந்தது.

பாட்டிகளின் கணக்கை ஒருமுறை தணிக்கை செய்தும் பார்த்தனர். ஒப்பந்தங்களை மீறியதற்காகக் கிழக்குச் செரோக்கியருக்கு இழப்பீடு வழங்குமாறு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே தீர்ப்பாயிற்று. கய்யன் மில்லர் என்ற அதிகாரி உரியவர் யார் என்று ஆராய்ந்தார். ஏறத்தாழ 46,000 விண்ணப்பங்கள். அவற்றிலே ஏறத்தாழ 90,000 பேர். 1909இல் அவர் அறிக்கை தந்தபோது, தகுதியுடையோர் ஏறத்தாழ 30,000 பேர் மட்டுமே. மூவரில் இருவர் தள்ளுபடி! பணம் வந்தது, பாட்டிகள் வந்தனர். பட்டியல் வந்தது, பாட்டிகள் மறைந்தனர்.

குருதிப் பித்து வெள்ளையரோடு நிற்கவில்லை என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும். 1835ஆம் ஆண்டுக் கணக்குப்படி, செரோக்கியரிடம் 1,592 அடிமைகள் இருந்தனர். ராஸும் அடிமை வைத்திருந்தவரே. கண்ணீர்ப் பாதையிலே அந்தக் கறுப்பின மக்களும் நடந்தனர். அவர்களுக்கு அழவும் உரிமையாளரின் இசைவு வேண்டியிருந்தது. 1866ஆம் ஆண்டு ஒப்பந்தம், விடுதலை பெற்ற அவர்களையும் அவர்தம் வழியினரையும் செரோக்கி நாட்டின் குடிமக்களாக்கிற்று. பின்னர், பொது நிலத்தைத் தனித்தனித் துண்டாக்க வந்த டாஸ் ஆணையத்தார், 1907இல் முடிந்த பட்டியலிலே, குருதிச் செரோக்கியர் ஓர் ஏட்டிலும், விடுதலை பெற்றோர் வேறோர் ஏட்டிலுமாகப் பிரித்தெழுதினர். செரோக்கித் தந்தை இருந்தாலும், தாய் அடிமையாயிருந்தவளானால், அவர்கள் பெயருக்கு நேரே குருதிக் கணக்கு எழுதப்படவில்லை.

அந்த ஏட்டைக் காட்டியே, 2007இல் செரோக்கி நாடு வாக்கெடுப்பு நடத்தி அவர்களை வெளியேற்ற முனைந்தது. வெளியேற்றப்பட்டதன் வடுவைச் சுமந்த மக்கள், மற்றவரை வெளியேற்றும் கொடுமை! 2017இல் கூட்டரசு நீதிமன்றம் ஒப்பந்தம் உயிரோடிருக்கிறது என்றது. 2021இல் செரோக்கி நாட்டின் உச்சநீதிமன்றமே, தன் அரசியல் சட்டத்திலிருந்து 'குருதிவழி' என்ற சொல்லை நீக்க ஆணையிட்டது. ஒரு சொல்லை அகற்ற ஒன்றரை நூற்றாண்டு! இளவரசிப் பாட்டிக்காக உருகியோர், ஏட்டிலே பெயர் இருந்தும் வாயிலிலே நிறுத்தப்பட்ட இந்தப் பாட்டிகளுக்காக எத்தனை பேர் வாய் திறந்தனர்?

இன்று குருதிக்குப் புதிய சோதிடம் வந்திருக்கிறது. 2018இல் எலிசபெத் வாரன் எனும் செனட்டர், மரபணு ஆய்வைக் காட்டித் தம் முன்னோரில் பழங்குடியினர் ஒருவர் உண்டு என்றார். ஆய்வு கூறியதோ ஆறு முதல் பத்துத் தலைமுறைக்கு முன் என்று! செரோக்கி நாடு உடனே மறுத்துரைத்தது. குடியுரிமையை ஆய்வுக்கூடம் தீர்மானிப்பதில்லை, நாங்கள் தீர்மானிக்கிறோம் என்பது அதன் விடை. 2019இல் வாரன் வருத்தம் தெரிவித்தார். இதிலே அறிவியல் தோற்கவில்லை. அறிவியலிடம் கேட்கத் தகாத கேள்வி தோற்றது. குருதித் துளி முன்னோரைக் காட்டலாம். ஒரு மக்கள் உன்னைத் தம்மவன் என்று அறிவார்களா என்பதை அது எப்படிக் காட்டும்?

செரோக்கியரை அறிய விரும்பும் இளைஞன், கார்ட்டரின் கண்ணீர்க் கடையிலே நிற்கவேண்டா. 1985 முதல் 1995 வரை செரோக்கி நாட்டின் முதன்மைத் தலைவராயிருந்த வில்மா மேன்கில்லர் தம் வரலாற்றை 1993இல் எழுதினார். அங்கே இளவரசி இல்லை. செரோக்கித் தந்தை, வெள்ளைத் தாய், வறுமை, நகரத்துக்குப் பெயர்ப்பு, போராட்டம், ஊர்க்காரர் தம் கையாலே தண்ணீர்க் குழாய் பதித்த கதை ஆகியவை இருக்கின்றன. ராபர்ட் கான்லி எனும் செரோக்கி எழுத்தாளர் 1992இல் எழுதிய 'மவுண்டன் விண்ட்சாங்' எனும் புதினம், விரட்டப்பட்ட நாட்களைக் கூறுகிறது. கற்பனை என்று நேர்மையாக அறிவித்துக்கொண்டு, வரலாற்று ஆவணங்களையும் கதையோடு வைத்துக் கூறுகிறது. உண்மை என்று கூறிப் பொய் தந்த நூலுக்கும், புதினம் என்று கூறி உண்மை தந்த நூலுக்கும் உள்ள தொலைவை, படிப்பவர் தாமே அளந்துகொள்ளலாம்.

முன்னோரைத் தேடுவது தவறன்று. தேடுவதானால் உயிரோடிருப்பவரிடம் தொடங்கி, தலைமுறை தலைமுறையாக, ஏட்டுக்கு ஏடு பின்னோக்கிச் செல்லவேண்டும். இளவரசியிடம் தொடங்கி முன்னோக்கி இறங்கக் கூடாது. அப்படித் தேடுவோன், தன் குடிவழியிலே செரோக்கிப் பாட்டியைக் காணாமல், 1832ஆம் ஆண்டுக் குலுக்கலிலே செரோக்கியின் வயலைப் பரிசாகப் பெற்ற பாட்டனைக் காணக்கூடும். அந்தப் பெயரையும் ஏட்டிலே எழுதும் துணிவு வேண்டும். இல்லாத பாட்டிக்கு முடிசூட்டுவதைவிட, இருந்த பாட்டனின் கணக்கைப் பார்ப்பது நேர்மை.